கேம்பிரிட்ஜிலுள்ள கெய்ரோ ஏடுகள்: ஒரு மதிப்பீடு

பழைய ஏட்டுத் தொகுப்பு ஒன்றைக் குறித்துக் கேள்விப்பட்டவுடன், அதில் திருமறைக்குரிய பகுதி எவ்வளவு என்றே நாம் முதலில் வினவுகிறோம். இவ்வினா தவறன்று, ஆனால் போதுமானதுமன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள கெய்ரோ கெனிசாத் தொகுப்பு இதற்குச் சான்று.

கெனிசா என்பது, பயனற்றுப்போன ஏடுகளை யூதர் ஜெபாலயத்தில் இட்டுவைக்கும் அறை. இறைவனின் திருநாமம் தாங்கிய ஏட்டை அழித்தலாகாது என்பது அவர்தம் மரபு. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில், எபிரெய எழுத்தில் அமைந்த உலகியல் ஏடுகளும் அவ்வறையிற் சேர்ந்தன. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் சகோதரிகள் வாங்கிவந்த ஏடொன்றை 1896இல் ஆராய்ந்த சாலமோன் ஷெக்டர், அது சீராக்கின் ஞானநூலின் எபிரெயப் பகுதி எனக் கண்டார். சார்லஸ் டெய்லரின் பொருளுதவியுடன் அவர் கெய்ரோ சென்று கொணர்ந்த ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் 1898இல் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டன.

இவற்றால் வேத ஆராய்ச்சி பெற்ற பயன் பெரிது. ஆக்கில்லாவின் கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள இராஜாக்கள் நூற்பகுதிகள், பிற்கால எபிரெய எழுத்தின் அடியில் மங்கித் தெரிந்தன. 1910இல் ஷெக்டர் பதிப்பித்த தமஸ்கு ஆவணத்தின் பழம்பிரதிகள், 1947க்குப் பின் கும்ரான் குகைகளிலும் வெளிப்பட்டன.

ஆயினும், அக்கால நோக்கில் ஒரு குறையுண்டு. எந்த ஏடு எந்த அடுக்கிற் கிடந்ததென்பது குறிக்கப்படவில்லை. வணிகர் கடிதம், கணக்கு, மணவுடன்படிக்கை முதலியன கொண்ட பல துண்டுகள் மதிப்பற்றவையென ஒதுக்கப்பட்டு, நெடுங்காலம் பெட்டிகளிலேயே கிடந்தன. 1950களில் கோய்ட்டைன் என்னும் அறிஞர் அவற்றை நாடினார். 1967 முதல் 1988 வரை வெளிவந்த ஐந்து தொகுதிகளில், மத்தியதரைக் கடலோர யூத சமுதாயத்தின் வாழ்வை அவர் தீட்டிக் காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகஞ்செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதப் போக்குவரத்தும் இவ்வேடுகளாலேயே நமக்குத் தெரியவந்தது.

இவ்விருவகை ஏடுகளில் எது இறையியலுக்குரியது? முன்னதே என்பார்க்கு நாம் உடன்படோம். ஏழைகளுக்கு அப்பம் பங்கிட்ட பட்டியலும், சிறைப்பட்டோரை மீட்கப் பணம் திரட்டிய கடிதமும், கைவிடப்பட்ட மனைவியின் விண்ணப்பமும் அங்குள்ளன. நியாயப்பிரமாணம் யாது கூறிற்று என்பதற்கு மூலபாடம் சான்று. அதைக் கேட்ட மக்கள் யாது செய்தனர் என்பதற்கு இப்பட்டியல்களே சான்று. வசனத்தை மட்டும் காத்து, அவ்வசனத்தின்படி வாழ முயன்றோரின் சுவடுகளைத் தள்ளும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சியே.

குருமாராகிய நமக்கு இதில் ஒரு கடமை புலப்படுகிறது. செல்லரிக்கும் ஞானஸ்நானப் பதிவேட்டையும், ஏழைநிதிக் கணக்கையும் பழங்குப்பையென்று எரிக்குமுன் சற்று நிதானிப்போமாக. அவற்றின் மதிப்பை முடிவுசெய்யும் தகுதி, அவற்றைப் படித்துப் பாராத நமக்கு இல்லை.