தமிழிசை: பாணியின் பெயரா, மொழியின் பெயரா?

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் சந்நிதியில், சாயங்கால தீபாராதனை முடிந்த பின் ஓதுவார் ஒருவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் பாடியதாகப் பரம்பரையாகச் சொல்லிவரும் நமச்சிவாயப் பதிகத்தைக் காந்தாரபஞ்சமப் பண்ணில் தொடங்கினார். அந்தப் பண்ணுக்கு நேரென்று நம்மவர் சொல்லும் கேதாரகௌளையைக் கச்சேரி மேடையில் எத்தனையோ முறை கேட்டவன் நான். ஆயினும் இங்கே ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை. சொல் முழுசாய் வந்து விழுந்த பிற்பாடுதான், அடியின் கடைசியில், குரல் ஒரே ஒரு முறை மேலே எழும்பி இறங்கிற்று. அடுத்து அவர் எடுத்தது அதே தலத்துக்குரிய திருவிருத்தம். காந்தாரபஞ்சமம் பண்ணின் பெயர். விருத்தமோ யாப்பின் பெயர். அப்பர் கரையேறிய ஊரிலேயே, அவர் வாக்கிலேயே, பாகுபாட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. நேரிசை, குறுந்தொகை, தாண்டகம் என்பனவும் விருத்தத்தைப் போல் யாப்பின் பெயர்களே.

அதே வாரம் சிதம்பரத்தில் கேட்ட கச்சேரியில் முழுவதும் தமிழ்ச் சாகித்தியங்கள். பிரதான உருப்படி காம்போதியில் முத்துத்தாண்டவர் கீர்த்தனை. விஸ்தாரமான ஆலாபனை, வயலினின் பதில், நிரவல், கற்பனாஸ்வரம், தனியாவர்த்தனம் எல்லாம் கிரமமாக நடந்தன; பாடகர் சுருதி சுத்தம் உள்ளவர், உச்சரிப்பும் நன்று. ஆனால் அந்த இடத்தில் தியாகையர் கிருதியொன்று இருந்திருந்தாலும் மிருதங்கக்காரரின் கை வேறு வழியில் போயிராது. ஓதுவார் பாடியதையும் இந்தக் கச்சேரியையும் நாம் 'தமிழிசை' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம்.

அந்தப் பெயர் இயக்கமாக உருவெடுத்த இடம் இந்தச் சிதம்பரந்தான். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் கூடிய மாநாடு, தமிழ்ப் பாட்டுக்கள் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த அவலத்தை நீக்க எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. அந்த இயக்கம் கேட்டது மொழிக்குரிய ஸ்தானம்; அது முற்றிலும் நியாயமான கோரிக்கை என்பதே என் உறுதியான அபிப்பிராயம். தனியொரு பாணியை நிர்ணயம் செய்வது அதன் காரியமாக இருக்கவில்லை. மெட்டைக் கொண்டு பாணியைத் தேடவும் வழியில்லை: அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகள் பலவற்றை இன்று நாம் கேட்பது அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் பிற்காலத்தில் அமைத்த மெட்டில்.

பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய தண்டபாணி தேசிகர் தேவார மரபில் வளர்ந்து கச்சேரி மேடைக்கு வந்தவர்; இரண்டு வழிகளும் அவர் குரலில் கூடின. ஆனால் கூடியவை இரண்டு வழிகள் என்பதை மறந்துவிடலாகாது. ஆகவே என் தீர்ப்பு இது: தமிழிசை என்பது ஒரு பாணியின் பெயரன்று; ஆனால் அந்தப் பெயரென்னும் குடைக்குள் தனக்கென லட்சணம் படைத்த பாணி ஒன்று உண்டு, அது ஓதுவாரின் பண்ணிசை. அதைக் கச்சேரியின் அளவுகோலால் அளந்து 'விஸ்தாரம் போதாது' என்பது பெருந்தவறு. இறைவணக்கத்துக்கென்று ஐந்து நிமிஷம் ஓதுவாரைப் பாடவைத்து அனுப்பிவிடும் சபைக்காரர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வரும் பருவத்தில் ஒரு மாலைப் பொழுது முழுவதையும், பக்கவாத்தியம் இல்லாமல், அவருக்கே கொடுங்கள்.