தலையா, முதுகா? சித்தேரி இறக்கத்தில் சுமையின் கணக்கு

சித்தேரி மலையிலிருந்து அரூர்ப் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஒரு புளி மூட்டை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூட்டைக்குக் கீழே ஒரு பெண். பழைய சேலையைச் சுருட்டிய சும்மாடு, மூட்டையைப் பிடித்த வலது கை, வீசி நடக்கும் இடது கை. சரளைக்கல் உருளும் இடத்தில்கூட அவர் குனிந்து பார்க்கவில்லை. குனிய முடியாது; குனிந்தால் மூட்டை முன்னால் சரியும். பாதை வளைவில் தலை உயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. மூட்டையை அதில் சாய்த்தபடி நின்றுகொண்டே மூச்சு வாங்கினார். இறக்கி வைத்துவிட்டு உட்காரலாமே என்றேன். “எறக்குனா மறுபடி ஏத்தி வுட ஆள் வேணுமேங்கண்ணா” என்றார்.

மலைப்பாதையில் சுமை தூக்குவது பற்றி நான் படித்தவை எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அமெரிக்காவில் காட்டெருமை, எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இறைச்சியைத் துண்டுகளாக்கி மைல்கணக்கில் முதுகில் சுமந்து வருகிறார்கள். பாரம் தூக்கும் முதுகுப்பை அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, தடுப்பதே சரி. ஆனால் காட்டுக்குள் பாரம் தூக்குகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சாமையும் புளியும் கொண்டுவரும் மலையாளிப் பழங்குடியினர், ரேஷன் அரிசியோடு மேலே ஏறுகிறவர்கள், பல நாள் உணவோடு ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எல்லோரும் சுமக்கிறார்கள். நம் தருமபுரி மாவட்டத்திலேயே பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் போயிருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு ஊழியர்களே அதைத் தலையில் சுமந்து ஏறியிருக்கிறார்கள். சாலை இல்லாத இடத்தில் அரசுக்கும் சும்மாடுதான் துணை.

தலைச்சுமையைப் பழைய வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குச் செலவே இல்லை. தோளில் கிடக்கும் துண்டே சும்மாடு ஆகிவிடும். விறகு, மூட்டை, குடம் என்று எந்த வடிவமும் அதில் அடங்கும். பாரம் முதுகெலும்புக்கு நேர்மேலே நிற்பதால் உடல் முன்னால் வளைய வேண்டியதில்லை. மார்பில் வார் இறுக்காது, முதுகில் காற்று படும். கால் இடறினாலோ எதிரே யானை நின்றாலோ ஒரே உதறலில் சுமையைக் கீழே தள்ளிவிட்டு ஓடலாம். 1986-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவின் லூவோ, கிகுயு பெண்களை அளந்து பார்த்தது. முன்னவர்கள் தலையிலும் பின்னவர்கள் நெற்றி வாரிலும் சுமப்பவர்கள். தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் மூச்சே செலவழிக்காமல் அவர்கள் நடந்தார்கள்.

இந்த ஆய்வைக் காட்டித் தலைச்சுமையைப் புகழ்வோர், அந்த ‘ஐந்தில் ஒரு பங்கு’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 10 கிலோ. நான் பார்த்த புளி மூட்டை அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்கும். தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் ரே லாயிட் குழுவினர் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, தலையில் சுமப்பதால் பொதுவாக உழைப்பு மிச்சமாவதில்லை என்றும் கழுத்து வலிதான் கூடுகிறது என்றும் கண்டது. நம் மலையில் இன்னும் இரண்டு குறைகள் சேர்கின்றன. இறக்கத்தில் கண் காலடியைப் பார்க்க முடியாது. ஏற்றிவிட இன்னோர் ஆள் வேண்டும்.

இரண்டாவது குறையை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லுக்கு அதுதான் காரணம். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். வழிப்போக்கர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் தள்ளி வைத்து, தோள் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்வார். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டார்கள் என்பது எவ்வளவு கனமான செய்தி! சித்தேரிப் பாதையில் அந்தக் கல்லின் வேலையை ஒரு பாறை செய்துகொண்டிருந்தது.

அன்று என் முதுகில் இருந்ததும் நல்ல சுமை அல்ல. 70 லிட்டர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பெரிய பை என்று வாங்கியது. இடுப்புப் பட்டை வெறும் நாடா. உள்ளே சட்டம் இல்லை. 15 கிலோவை வைத்ததும் பை மடிந்து உட்கார்ந்து, மொத்த பாரமும் தோளில் தொங்கியது. அடிவாரம் வந்தபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன.

பையை லிட்டர் பார்த்து வாங்குவது வீட்டைக் கதவின் நிறம் பார்த்து வாங்குவதற்குச் சமம். பார்க்க வேண்டியது சட்டம். 1952-இல் டிக் கெல்டி அமெரிக்காவில் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். அந்த வகைப் பைகள் பரவியதும் இடுப்புப் பட்டை மலையேறிகளிடம் வழக்கமானது. தோளின் பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கியது. வளையாத சட்டமும் அகலமான பட்டையும் சேர்ந்தால்தான் இது நடக்கும். குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்புக்கும், இடுப்பில் கை ஊன்றும்போது தட்டுப்படும் எலும்பு மேட்டுக்கும் இடையே உள்ள நீளம்தான் உங்கள் அளவு. நெடிய ஆளுக்கும் குட்டை முதுகு இருக்கலாம். கடையில் 20 கிலோ அரிசியைப் பைக்குள் வைத்து மாட்டி, தோள் வாரைத் தளர்த்திப் பாருங்கள். பை இடுப்பிலேயே நின்றால் அது சுமை தூக்கும் பை. கீழே சரிந்தால் அது துணி மூட்டை. முதுகில் காற்றோடட்டும் என்று வலை கட்டிய பைகள் நம் வெயிலுக்கு ஆசை காட்டும். ஆனால் அந்த இடைவெளி பாரத்தை முதுகைவிட்டுத் தள்ளிப் பின்னால் இழுக்கும்; கனமான சுமைக்கு அது ஆகாது.

முதுகுப்பைக்கும் குறைகள் உண்டு. வியர்வையில் முதுகு வெந்துபோகும். வழுக்கி விழுந்தால் பட்டை சட்டென்று விடாது. ஓடையைக் கடக்கும் முன் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். நல்ல பையின் விலை கூலிக்காரர் கைக்கு எட்டாது. புளி மூட்டை அந்தப் பைக்குள் நுழையவும் நுழையாது.

இதற்குத் தீர்வு ஆசியாவிலேயே இருக்கிறது. கொரியாவின் ‘சிகே’ என்பது கவைக்கொம்பு இரண்டைச் சேர்த்துச் செய்த மரச்சட்டம். பை கிடையாது, எந்த மூட்டையையும் கொம்பின் மேல் வைத்துக் கட்டலாம். ஒரு கோலால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கலாம். பிறகு அதன் முன் உட்கார்ந்து, வாரை மாட்டி, தனியாளாக எழலாம். கொரியப் போரில் அமெரிக்கப் படைக்கே மலைமேல் வெடிமருந்து போய்ச் சேர்ந்தது இந்தச் சட்டத்தில்தான். நேபாளச் சுமையாட்களும் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கைத்தடியைக் கூடவே கொண்டுபோகிறார்கள். அவர்களில் ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடு சுமப்பதாக 2005-இல் சயன்ஸ் இதழ் எழுதியது. நம் சுமைதாங்கிக் கல்லை அவர்கள் கையோடு எடுத்துப் போகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆக, சுமை தூக்கும் எந்தக் கருவிக்கும் மூன்று சோதனைகள் போதும். பாரம் எலும்பில் இறங்குகிறதா? கண் காலடியைப் பார்க்கிறதா? ஒரே ஆள் ஏற்றி இறக்க முடிகிறதா? தலைச்சுமை முதல் சோதனையில் பாதிதான் தேறும். பாரத்தை எலும்புதான் தாங்குகிறது, ஆனால் அது கழுத்தெலும்பு. மற்ற இரண்டிலும் அது தோற்கிறது. கடையில் விற்கும் சட்டமில்லாத பை முதலாவதிலேயே தோற்கிறது. சிகே போன்ற சட்டத்தில் இடுப்புப் பட்டையும் வைத்தால், அந்த மூட்டைச் சட்டம் மூன்றிலும் தேறுகிறது. சமதரையில், பக்கத்து ஊர் வரை, 10 கிலோவுக்குள் என்றால் சும்மாடே போதும். அதற்கு மேல், மலை இறக்கத்தில், கழுத்தை நம்பக் கூடாது.

மலைக்கிராமங்களுக்குச் சாலை வந்தே தீர வேண்டும். எந்த மூட்டைச் சட்டமும் அதற்கு மாற்று ஆகாது. ஆனால் சாலை வரும் வரை கழுத்துகள் காத்திருக்க வேண்டுமா? அரூரில் வெல்டிங் பட்டறைக்கும் பை தைக்கும் கடைக்கும் குறைவில்லை. வனத்துறையும் மகளிர் குழுக்களும் சேர்ந்து, மலைப் பெண்களின் முதுகை அளந்து, நூறு மூட்டைச் சட்டங்கள் செய்து கொடுத்துப் பார்க்கட்டும். ஏற்றிவிட ஆள் இல்லை என்பதற்காக ஒரு பெண் நின்றுகொண்டே இளைப்பாறும் நிலை அதோடு முடியட்டும்.