ஏற்கும் ஆற்றலும் மறுக்கும் ஆற்றலும்

பெரும் விளையாட்டுப் போட்டியொன்றை நடத்த ஒரு நகரம் வல்லதா என ஆராய்வோர் பொதுவாக அரங்கின் இருக்கைகளையும், விடுதிகளின் அறைகளையும், விமான நிலையத்தின் தூரத்தையுமே கணக்கிடுவர். இக்கணக்கில் மக்கள் பார்வையாளராக இடம்பெறுவர்; கடன் தீர்ப்போராக இடம்பெறார். இக்குறையின் விளைவை நம் நாட்டில் அம்பாந்தோட்டை தெளிவாகக் காட்டிநிற்கிறது.

வறட்சியும் வறுமையும் நெடுங்காலம் நிலைத்த மாவட்டம் அது. 1908 முதல் 1911 வரை அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் 1913இல் வெளியிட்ட நாவல், சேனைப் பயிரை நம்பிக் கடனில் அமிழ்ந்த குடியானவரின் கதையாகும். ஒரு நூற்றாண்டின் பின் அதே மண்ணுக்குக் கடன் வேறோர் உருவில் வந்தது. 2011 உலகக் கிண்ணத்துக்கென, சூரியவெவவில் காடழித்து 35,000 பேர் அமரத்தக்க கிறிக்கற் அரங்கு எழுப்பப்பட்டது. அம்மாவட்டத்தவரான அன்றைய ஜனாதிபதியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அவ்வுலகக் கிண்ணத்தில் அங்கு நடைபெற்றவை இரண்டே ஆட்டங்கள். அரங்குகள் கட்டிய செலவால் கடனில் ஆழ்ந்த கிறிக்கற் சபை அரசின் உதவியை நாடிற்று. இறுதியாட்டம்வரை சென்ற வீரர்களின் ஊதியங்கூட மாதக்கணக்கில் தாமதித்தது.

அத்துடன் நின்றாரில்லை. 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளையும் அப்பட்டினத்துக்குக் கோரினர். 2011 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் 43 வாக்குகளும் அம்பாந்தோட்டை 27 வாக்குகளும் பெற்றன. அத்தோல்வியை நாம் நற்பேறென்றே கொள்வோம். ஏனெனில், 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு விமானங்கள் வருவது அரிதாயிற்று. துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குச் சென்றது. 2022இல் நாடே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. இச்சுமையின்மேல் நீச்சல் தடாகங்களும் வீரர் குடியிருப்புகளும் ஏறியிருப்பின் அவற்றையும் சுமந்திருக்க வேண்டியவர் உழைக்கும் மக்களே.

போட்டியின் பெயராலாவது பின்தங்கிய பிரதேசத்துக்கு வீதியும் மின்சாரமும் வருமன்றோ எனக் கேட்பாருளர். இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. வீதிகள் வந்தன என்பது உண்மையே. ஆயின், அம்மக்களுக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டிய வீதி, பிறநாட்டு விருந்தினர் வரும் நாளில்தான் கிடைக்குமெனின், அது திட்டமிடலின் வெற்றியன்று. அத்திட்டத்தில் அம்மக்களின் இடம் யாதென்பதற்கு அதுவே சான்று.

செல்வம் மிக்க விக்ரோறியா மாநிலமோ 2026 பொதுநலவாயப் போட்டிகளை ஏற்றபின், 260 கோடி டொலரென மதித்த செலவு 600 முதல் 700 கோடிவரை உயரக்கூடுமெனக் கண்டு, 2023 ஜூலையில் விலகிக்கொண்டது. அதனை ஏற்ற கிளாஸ்கோ, விளையாட்டுகளைப் பத்தாகச் சுருக்கி, முன்பே இருந்த அரங்குகளையே தெரிந்துகொண்டது. வளமுடையோர் தம் வரவுசெலவைப் பார்த்து விலகலாமெனின், வறியோர் மட்டும் பெருமைக்காக ஏன் கடன்பட வேண்டும்?

ஆகவே, ஒரு நகரின் ஆற்றலை அளக்கும்போது, மறுக்கும் ஆற்றலையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். மக்கள் கணக்குக் கேட்கவும் வேண்டாமெனவும் உரிமை பெற்ற இடத்திலேயே அவ்வாற்றல் பிறக்கும். இனியொரு போட்டிக்கான கோரிக்கை எழும் நாளில், விழா முடிந்த மறுநாள் அம்மைதானத்தில் எவ்வூர்ப் பிள்ளைகள் விளையாடுவர், அதன் கடனை எவர் தீர்ப்பர் என்னும் இரு கேள்விகளை நம் மாணவர் உரக்கக் கேட்பாராக.