பின்னூட்டம் கிடைத்தது

பாகூர் கொம்யூனில், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில் பிள்ளையார்குப்பம் இருக்கிறது. இங்குள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் நாட்டின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளிலும், 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தொடங்கி எல்லோருக்கும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம்தான். அதோடு, மாணவர் செய்த பயிற்சிகளைப் பதியும் ஒரு லாக் புக்கும் வந்தது. தேசிய அளவில் வகுத்த அதன் மாதிரிப் படிவத்தில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வரிசை: முதல் முயற்சியா மறுமுயற்சியா, எதிர்பார்ப்புக்குக் கீழா மேலா, ஆசிரியரின் முடிவு, அவர் சுருக்கொப்பம். கடைசிக் கட்டம் மாணவருக்கு. பின்னூட்டம் கிடைத்தது என்று அவர் அதில் கையெழுத்திட வேண்டும்.

நான் எடைபோடுவது எந்தக் கல்லூரியையும் அல்ல, இந்தக் கடைசிக் கட்டத்தை.

முதலில் அதன் பக்க நியாயம். முன்பெல்லாம் மாணவருக்குத் தன் குறை தெரியவந்தது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணில்தான், அதாவது திருத்திக்கொள்ளும் காலம் கடந்தபின். இப்போது 'கீழே' என்று குறித்தால் ஆசிரியர் மறுபடி செய்யச் சொல்லலாம். இது சின்ன மாற்றமில்லை. ஆனால் ஆசிரியர் என்ன சொன்னார் என்பதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை. மண்ணீரல் வீக்கம் பார்க்கத் தெரியாத மாணவனிடம் "ஒழுங்காப் படிச்சுட்டு வாப்பா" என்றாலும் அதே கையெழுத்துதான். "விலாவுக்குக் கீழேயே கையை வச்சுட்டே. வலது அடிவயித்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில கொஞ்சம் கொஞ்சமா இடது விலாப் பக்கம் மேலே வா" என்றாலும் அதே கையெழுத்துதான். முதலாவது ஆளைப் பற்றியது, இரண்டாவது கையைப் பற்றியது.

இந்த வேறுபாடு வெறும் நயமான பேச்சு சம்பந்தப்பட்டதல்ல. மருத்துவக் கல்வியில் பின்னூட்டம் என்பது தீர்ப்பு அல்ல, நேரில் பார்த்த செயலைப் பற்றிய தகவல் என்று மருத்துவர் ஜாக் எண்டே 1983-லேயே எழுதிவிட்டார். 1996-இல் ஆய்வாளர்கள் குளூகரும் டெனிசியும் பழைய ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் பயன் தந்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் போகப் போகப் பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அப்படியென்றால், "எதைச் சொன்னாலும் திறந்த மனதோடு ஏற்றுக்கொள்" என்று இளையவரிடம் மட்டும் சொல்வது பாதி அறிவுரை. வார்டு ரவுண்ட்ஸில் பத்துப் பேர் முன்னால் "சரி சார்" என்று தலையாட்டுவது திறந்த மனமா, தப்பிக்கும் வழியா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. (தலையாட்டலில் நாம் கெட்டிக்காரர்கள்.) வள்ளுவர் இந்தச் சுமையை வைத்த இடம் வேறு. காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பை அவர் பேசுவது இறைமாட்சி அதிகாரத்தில். பொறுக்க வேண்டியவன் அரசன், அதிகாரம் உள்ளவன். நம் லாக் புக்கில் ஆசிரியர் தனக்குக் கிடைத்த பின்னூட்டத்துக்குக் கையெழுத்திடும் கட்டம் கிடையாது.

மாணவருக்குப் பொறுப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மழுப்பலாக ஏதாவது சொல்லப்பட்டால், "அடுத்த தடவை எதை மாத்திச் செய்யணும் சார்?" என்று கேட்பது அவர் வேலை. அந்தக் கேள்வி கோபத்தைக் கிளப்பாத வார்டை அமைப்பது மூத்தவர் வேலை. இரண்டில் எது முந்த வேண்டும் என்றால், தயக்கமின்றிச் சொல்வேன், இரண்டாவதுதான். கேட்டால் திட்டு விழும் இடத்தில் எவ்வளவு துணிந்த மாணவரும் மூன்றாம் மாதம் வாயை மூடிக்கொள்வார்.

ஆகவே அந்தக் கடைசிக் கட்டத்துக்கு லாக் புக்கின் மொழியிலேயே என் மதிப்பீடு: எதிர்பார்ப்புக்குக் கீழே. முடிவு: மறுபடி செய்க. மாற்ற வேண்டியது: கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இடம். அடுத்த முறை தான் எதை மாற்றிச் செய்யப்போகிறார் என்பதை மாணவர் தன் கையால் எழுத, ஆசிரியர் அதைப் படித்துவிட்டு ஒப்பமிட.