மரியான் மூர் – ஃபோர்டு கடிதங்கள்

அமெரிக்கக் கவிஞர் மரியான் மூருக்கும் ஃபோர்டு கார் நிறுவனத்துக்கும் இடையே 1955 அக்டோபர் முதல் 1956 நவம்பர் வரை கடிதப் போக்குவரத்து நடந்தது. வரவிருந்த புதிய காருக்குப் பெயர் சொல்லும்படி நிறுவனத்தின் சந்தை ஆய்வுப் பிரிவு அவரைக் கேட்டது. தங்களிடம் உள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் சப்பென்று இருப்பதாக முதல் கடிதமே ஒப்புக்கொள்கிறது. புலிட்சர் பரிசு பெற்ற 67 வயதுக் கவிஞர் உற்சாகமாக இறங்கினார்.

'இன்டெலிஜென்ட் புல்லட்', 'மங்கூஸ் சிவீக்', 'பாஸ்டலோகிராம்', 'ஆண்டான்டே கோன் மோட்டோ' என்று பெயர்கள் வந்தபடி இருந்தன. கடைசியாக, தந்தி போலச் சுருங்கிய ஒரு கடிதத்தில் 'யுடோபியன் டர்டில்டாப்' வந்தது. நிறுவனம் ரோஜாப் பூக்களை அனுப்பி நன்றி சொன்னது. காருக்கு வைத்ததோ, ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரான 'எட்செல்'. தாங்கள் தேடிய துள்ளல் அப்பெயரில் இல்லை என்று அதை அறிவித்த கடிதமே சொல்கிறது.

இக்கடிதங்கள் 1957 ஏப்ரலில் 'தி நியூயார்க்கர்' இதழில் வெளிவந்தன. கார் அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனைக்கு வந்து, 1959 நவம்பரில் நிறுத்தப்பட்டது. கவிஞரின் பெயரைத் தள்ளியதால் நிறுவனம் தோற்றது என்று கதை சொல்வது வழக்கம். அது பொருந்தாது. பொருளாதார மந்தம், விலை, முகப்பின் வடிவம், தயாரிப்புக் குறைகள் எல்லாம் சேர்ந்தே அந்தக் காரை வீழ்த்தின. 'ஆமை ஓடு' என்று பெயர் வைத்திருந்தாலும் அது பிழைத்திருக்காது.

கவிஞரைக் கேலிக்குரியவராக்கும் வாசிப்பும் மேலோட்டமானது. அழுங்கு, பாலைவன எலி போன்ற உயிர்களை உற்றுநோக்கிக் கவிதை எழுதியவர் மூர். காரையும் அப்படியே பார்த்தார். கீரியின் வேகம், ஆமை ஓட்டின் வளைவு, இசையின் நடை என ஒவ்வொரு பெயரும் பொருளின் ஓர் இயல்பைத் தொட முயல்கிறது. நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது வேறு. கேட்டவுடன் வாங்குபவர் மனதில் ஆசையை எழுப்பும் சொல்லை அது தேடியது. இரு தரப்பும் 'பெயர்' என்ற ஒரே சொல்லால் இரு வேறு காரியங்களைக் குறித்தார்கள். அந்த வேறுபாடு ஒரு கடிதத்திலும் பேசப்படவில்லை, மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கடிதங்களின் நகைச்சுவை அங்கிருந்தே வருகிறது.

அதில் நிறுவனத்தின் பங்கும் சிறிதல்ல. அலுவலகக் கடிதத்துக்குரிய விறைப்பு இல்லாமல், கவிஞரோடு போட்டியிடும் குறும்புடன் அவை எழுதப்பட்டுள்ளன. மூர் 1961-ல் வெளிவந்த தன் தொகைநூலில் இரு தரப்புக் கடிதங்களையும் சேர்த்தே வைத்தார்.