ஆறு நாள் சிருஷ்டி: உரைமரபுகளும் அளவுகோல்களும்

1925 ஜூலை 20. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் நகரம். வெக்கை தாங்காமல் நீதிபதி விசாரணையைக் கட்டடத்துக்கு வெளியே புல்தரைக்கு மாற்றியிருந்தார். மாநிலச் சட்டத்தை மீறிப் பரிணாமக் கொள்கையைப் பாடமாக நடத்தினார் என்று ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மேல் வழக்கு. வேதாகமத்தின் பக்கம் நின்று வாதாட வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர். பரிணாமத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசியவர். எதிர்த்தரப்பு வக்கீல் கிளாரன்ஸ் டாரோ அவரையே சாட்சியாக அழைத்தார். சிருஷ்டியின் நாள் ஒவ்வொன்றும் 24 மணி நேரம்தானா என்று கேட்டார். அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை, அவை நீண்ட காலங்களாகவும் இருக்கலாம் என்று பிரையன் பதில் சொன்னார்.

இன்று பலருக்கு இந்தப் பதில் வியப்பைத் தரும். உலகம் உண்டாகி ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்பதே கிறிஸ்தவத்தின் ஒரே நிலைப்பாடு என்றும், நீண்ட காலக் கணக்கெல்லாம் அறிவியலுக்கு அஞ்சிச் செய்துகொண்ட சமரசம் என்றும் பிரசங்கங்களில் கேட்டுப் பழகியவர்கள் ஏராளம். சபைக்கு வெளியே நின்று விமரிசிப்பவர்களும் அதையே நம்புகிறார்கள். சரித்திரம் காட்டுவது வேறு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எப்படி வாசிப்பது என்பதில் ஆதி சபையின் காலந்தொட்டே பல உரைமரபுகள் இருந்திருக்கின்றன. அவை ஒன்றையொன்று கடுமையாக மறுத்தன. மறுத்தவர்களும் மறுக்கப்பட்டவர்களும் ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள்.

எழுத்தும் ஞானார்த்தமும்

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் வருகின்றன என்றால், முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி உண்டாயின? அறிவுள்ள எவரும் இதை எழுத்துப்படி எடுத்துக்கொள்ளமாட்டார் என்றும், இங்கே ஞானார்த்தத்தையே தேடவேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

இதற்கு நேர் எதிரில் நின்றவர் சீரிய மொழியின் மகாகவி எப்ரேம். ஆறு நாள் வேலையில் உருவகம் எதையும் காணலாகாது என்று நான்காம் நூற்றாண்டில் தம் ஆதியாகம உரையில் எழுதினார். செசரியாவின் பசீல் அதே நூற்றாண்டில் ஆறு நாள் சிருஷ்டியைப் பற்றி ஒன்பது பிரசங்கங்கள் செய்தார். அன்றாடக் கூலிக்கு உழைக்கும் கைவினைஞர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். புல்லைப் புல்லாகவும் மீனை மீனாகவும் எடுத்துக்கொள்வதே தம் வழி என்று அவர்களுக்குச் சொன்ன அதே பசீல், பூமி உருண்டையா, உருளையா, தட்டா என்பதைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லை, அதனால் சிருஷ்டியின் மகிமை குறைந்துபோகவில்லை என்றும் சொன்னார். எழுத்துப் பொருளைப் பற்றிக்கொண்டவருக்கே, இந்த அதிகாரம் பூகோளப் பாடம் அல்ல என்பது தெரிந்திருந்தது.

மேற்கே அகுஸ்தீன் இந்த அதிகாரத்தோடு பல ஆண்டுகள் போராடினார். 401 வாக்கில் தொடங்கி 415 வாக்கில் முடித்த பன்னிரண்டு பாகங்கள் கொண்ட உரைக்கு, ஆதியாகமத்தின் எழுத்துப் பொருள் என்றே பெயர். ஆனால் அதில் அவர் வந்து சேர்ந்த முடிவு, தேவன் யாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார் என்பது. விதைக்குள் மரம் இருப்பதுபோலப் பல உயிர்கள் ஆற்றலாக உள்ளடங்கியிருந்து தத்தம் காலத்தில் வெளிப்பட்டன என்றார். ஆறு நாள் என்பது சிருஷ்டியை மனம் அறிந்துகொள்ளும் வரிசை. இயற்கையைப் பற்றி ஒன்றும் அறியாத கிறிஸ்தவன், வேதத்தின் பெயரால் அதைப் பற்றிப் பிதற்றினால் அவிசுவாசிகள் நகைப்பார்கள், மீட்பைப் பற்றி அந்த வேதம் சொல்வதையும் நம்பமாட்டார்கள் என்று அந்த உரையிலேயே எச்சரித்தார். முதுமையில் தம் நூல்களை மறுபடி பார்வையிட்டபோது, அந்த நூலில் கண்டடைந்த விடைகளைவிடக் கேட்ட கேள்விகளே அதிகம் என்று ஒத்துக்கொண்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஓரிகனும் அகுஸ்தீனும்கூட உலகம் சில ஆயிரம் ஆண்டு வயதுள்ளது என்றே நம்பினார்கள். அவர்களை இன்றைய அண்டவியலின் முன்னோடிகளாகக் காட்டுவது நியாயமாகாது. ஆனால் நாட்களின் நீளத்தை அவர்கள் விசுவாசத்தின் எல்லைக்கல்லாக வைக்கவில்லை. 325இலும் 381இலும் உருவான நிசேயா விசுவாசப்பிரமாணம் வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவை அறிக்கையிடுகிறது. அதில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை.

ஒரே வேதம், பல கணக்குகள்

எழுத்தின்படியே வாசித்தால் ஒரே விடைதான் கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆண்டுக் கணக்கிட்டவர்களின் வரலாறு அதை ஆதரிக்கவில்லை. சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரெய மூலத்தில் வயது 130. செப்துவஜிந்த் என்ற கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. இப்படிப் பல தலைமுறைகளில் கூடிய வித்தியாசத்தால் கிரேக்க வேதத்தைக் கைக்கொண்ட பைசாந்தியம் சிருஷ்டியைக் கி.மு. 5509இல் வைத்தது. ரஷ்யா 1699 வரை அந்த ஆண்டுமுறையையே பின்பற்றியது. யூத நாட்காட்டியின் கணக்கு கி.மு. 3761.

இங்கிலாந்தின் துறவி பீட் 703இல் எபிரெய எண்களைக் கொண்டு கி.மு. 3952 என்று கணக்கிட்டார். அதற்காக அவர்மேல் வேதப்புரட்டுக் குற்றம் சாட்டினார்கள். பழைய, பெரிய கணக்குக்குப் பழகியவர்களுக்கு உலகத்தின் வயதை அவர் குறைத்தது பொறுக்கவில்லை.

இந்தக் கணக்குகளில் மிகப் புகழ்பெற்றது அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷருடையது. 1650இல் அவர் வெளியிட்ட நூல், கி.மு. 4004 அக்டோபர் 23க்கு முந்தின மாலையில் சிருஷ்டி தொடங்கியதாகச் சொன்னது. இன்று அவரை எள்ளி நகையாடுவது எளிது. உண்மையில் அவர் தம் காலத்தின் பெரிய அறிஞர்களில் ஒருவர். பாபிலோனிய, பாரசீக, கிரேக்க, ரோமச் சரித்திரங்களையெல்லாம் ஒப்பிட்டு, கிடைத்த சான்றுகளை வைத்து நேர்மையாகக் கணக்கிட்டவர். பிழை வேறிடத்தில் நேர்ந்தது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் இந்த ஆண்டுகளை அச்சிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் ஓரக் குறிப்பையும் வேதவாக்கு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பாறைகளைப் படித்த போதகர்கள்

பூமியின் நீண்ட வயதை அறிவித்தவர்கள் நாத்திகர்கள் என்பது இன்னொரு தவறான எண்ணம். பாறைப் படிவுகளை முதலில் ஆழ்ந்து படித்தவர்களில் பலர் குருமார். ஆக்ஸ்போர்டின் வில்லியம் பக்லண்ட் யார்க்‌ஷயர் குகை ஒன்றில் கழுதைப்புலி எலும்புகளை ஆராய்ந்து, 1823இல் நோவாவின் பெருவெள்ளத்துக்குச் சான்று கிடைத்ததாக நூல் எழுதினார். சான்றுகள் பெருகியதும் 1836இல் அந்த முடிவிலிருந்து விலகினார். கேம்பிரிட்ஜின் ஆதாம் செட்ஜ்விக்கும் குருப்பட்டம் பெற்றவர். 1831இல் லண்டன் புவியியல் கழகத்தின் தலைவர் நாற்காலியில் இருந்துகொண்டே, பெருவெள்ளப் படிவுகள் பற்றித் தாம் கற்பித்தது தவறு என்று பகிரங்கமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டார்வினின் நூல் வெளிவர அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன.

இந்தக் காலத்தில்தான் இன்றும் வழங்கும் உரைவழிகள் உருவாயின. ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் 1814இல் இடைவெளிக் கொள்கையைப் பரப்பினார். முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் அளவிடாத காலம் கடந்துபோனது, புதைபடிவங்கள் அந்தப் பழைய உலகத்தைச் சேர்ந்தவை என்பது அதன் சாரம். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் அதை உலகெங்கும் கொண்டுசென்றன. லூசிபரின் வீழ்ச்சியை அந்த இரு வசனங்களுக்கு நடுவே வைத்துச் சொல்லும் போதகம் தமிழ்ச் சபைகளுக்கும் பழக்கமானதே. கல்வெட்டும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஹ்யூ மில்லர், ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்ற யுகநாள் கொள்கையை விரிவாக எழுதிய நூல் 1857இல் வெளிவந்தது. அதே 1857இல் பிலிப் கோஸ் இன்னொரு வழி காட்டினார்: ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது போலவே, பூமியும் வயதின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது. விசுவாசிகளே இதை ஏற்கவில்லை. நடக்காத சரித்திரத்தைத் தேவன் பாறையில் எழுதிவைத்தார் என்று சொன்னால் அவருடைய உண்மைக்கே இழுக்கு என்று கோஸின் நண்பரான குருவானவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி மறுத்தார்.

வேதாகமத்தின் பிழையின்மைக்காகப் போராடியவர்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. பிரின்ஸ்டனின் வில்லியம் ஹென்றி கிரீன் 1890இல், வம்சவரலாறுகளில் தலைமுறைகள் விடுபடுவது வேதாகமத்தின் வழக்கம்தான், அவற்றைக் கூட்டி உலகின் வயதைக் காண முடியாது என்று நிறுவினார். பிழையின்மைக் கோட்பாட்டின் தூணாகக் கருதப்படும் பி. பி. வார்ஃபீல்டு 1911இல் அதையே வழிமொழிந்தார். அடிப்படைவாதம் என்ற பெயர் வரக் காரணமான, 1910 முதல் 1915 வரை வெளிவந்த கட்டுரைத் தொகுதிகளில் எழுதிய ஜேம்ஸ் ஓர் போன்றவர்களும் நீண்ட வயதை ஏற்றவர்களே. டேட்டனில் பிரையன் சொன்ன பதில் இந்த மரபில் வந்தது.

1961க்குப் பிறகு

அப்படியானால் பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டு வயதே என்னும் இளம்பூமிக் கொள்கை இன்றைய வலிமையை எப்போது பெற்றது? செவந்த் டே அட்வெண்டிஸ்ட் சபையின் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், பாறை அடுக்குகள் எல்லாம் பெருவெள்ளத்தின் விளைவு என்று 1923இல் நூல் எழுதினார். அந்த வாதத்தை இறையியலாளர் ஜான் விட்கோமும் நீரியல் பொறியாளர் ஹென்றி மோரிஸும் 1961இல் ஆதியாகமப் பெருவெள்ளம் பற்றிய தங்கள் நூலில் புதுப்பித்தார்கள். நூல் சபைகளில் தீப்போலப் பரவியது. கென்டக்கி மாநிலத்தில் 2007இல் சிருஷ்டி அருங்காட்சியகமும் 2016இல் நோவாவின் பேழையின் முழு அளவு வடிவமும் எழுந்தது வரை அந்த இயக்கத்தின் செல்வாக்கு நீள்கிறது.

இந்தத் தரப்பின் வாதங்களை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஓய்வுநாள் கற்பனையே ஆறு நாள் வேலையைக் காரணமாகக் காட்டுகிறது. ஆதாமினால் மரணம் வந்தது என்று பவுல் எழுதுகிறார்; மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் மரணம் இருந்தது என்றால் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்? கேள்வி உண்மையானது. நீண்ட வயதை ஏற்கும் ஒவ்வொருவரும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

மறுபக்கம் சான்றுகளும் வலுத்தன. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கண்டார். அண்டார்டிகாவின் பனியில் துளையிட்டு எடுத்த படிவங்களில் எட்டு லட்சம் ஆண்டுகளின் பனிப்பொழிவு அடுக்கடுக்காக இருக்கிறது. ஆந்த்ரோமீடா மண்டலத்தின் ஒளி இங்கு வந்துசேர 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்று இன்றைய கணக்கு சொல்கிறது. அந்த அண்டவியலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் பெல்ஜியத்தின் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமாத்ர். 1951இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை பெருவெடிப்புக் கொள்கையைச் சிருஷ்டிக்குச் சான்றாகப் பேசியபோது லெமாத்ருக்கு அது உவப்பாக இல்லை. அறிவியல் கொள்கையை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க வைக்கலாகாது என்பது அவர் உறுதி.

அளவுகோல் எது?

இத்தனை மரபுகளையும் எடைபோட இரண்டு அளவுகோல்கள் போதும். வேதவசனத்துக்கு உண்மையாக இருக்கிறதா? தேவன் படைத்த உலகத்துக்கு உண்மையாக இருக்கிறதா?

முதல் அளவுகோலில் இளம்பூமித் தரப்பு நாட்களின் நேர்ப்பொருளைக் காப்பாற்றுகிறது. வானவிரிவுக்கு மேலே உள்ள தண்ணீரைப் பற்றிய வசனத்தில் அதே கண்டிப்பைக் கடைப்பிடிப்பதில்லை. இரண்டாம் அளவுகோலில் அது தோற்றுவிடுகிறது. சான்றுகள் எல்லாம் எதிராகத் திரும்பினாலும் வேதத்துக்காகத் தாம் அந்த நிலையிலேயே நிற்கப்போவதாக, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற இளம்பூமிப் புவியியலாளர் கர்ட் வைஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த நேர்மை மதிக்கத்தக்கது. எல்லாச் சான்றுகளும் தங்கள் பக்கமே என்று மேடையில் முழங்குவது மதிக்கத்தக்கதல்ல. இடைவெளிக் கொள்கைக்கு வசனத்தில் ஆதாரம் மெலிவு. யுகநாள் கொள்கையில் மரங்கள் சூரியனுக்கும், பறவைகள் தரைமிருகங்களுக்கும் முந்துகின்றன. பாறைகள் அந்த வரிசையைக் காட்டவில்லை. முதல் மூன்று நாட்கள் இடங்களை அமைப்பதும் அடுத்த மூன்று நாட்கள் அவற்றை நிரப்புவதுமான இலக்கிய அமைப்பு என்று 1958இல் மெரிடித் கிளைன் வாதிட்ட வழி வசனத்தின் அழகை நன்றாக விளக்குகிறது. இரண்டு அளவுகோல்களிலும் அதிகம் தேறுவது அதுவே. ஆனால் அதைப் பின்பற்றுவோரும் ஆதாமைப் பற்றிய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

கருத்து வேறுபாட்டோடு ஒன்றாக வாழ வழியுண்டு என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. பழமை பேணும் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை ஒன்று இரண்டு ஆண்டுகள் குழு அமைத்து ஆராய்ந்து 2000இல் அறிக்கை தந்தது. அது 24 மணி நேர நாள், யுகநாள், இலக்கிய அமைப்பு முதலிய விளக்கங்களைப் பொறுமையாக அலசியது. சபை எந்த ஒன்றையும் கட்டாயமாக்கவில்லை. சிருஷ்டி அறிவியலைப் பள்ளியில் புகுத்திய ஆர்கன்சா மாநிலச் சட்டம் 1982இல் நீதிமன்றத்தில் விழுந்தபோது, அதை எதிர்த்து வழக்காடியவர்களில் மெதடிஸ்ட், எப்பிஸ்கோப்பல், கத்தோலிக்க ஆயர்கள் இருந்தார்கள்.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. சிருஷ்டிகரை அறிக்கையிடுவது விசுவாசத்தின் நிபந்தனை; சிருஷ்டியின் ஆண்டைச் சொல்வதை நிசேயா விசுவாசப்பிரமாணம் நிபந்தனையாக்கவில்லை. நம் சபைகளின் வாலிபர் கூட்டங்களில் இயற்பியலும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். ஆறாயிரம் ஆண்டா, ஆண்டவரா என்று அவர்களைத் தெரிந்தெடுக்கச் சொல்வது, அந்தப் பிரமாணம் சுமத்தாத சுமையை அவர்கள் தோளில் ஏற்றுவதாகும். போதகர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பசீலையும் அகுஸ்தீனையும், அஷரையும் செட்ஜ்விக்கையும் ஒருசேர அவர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும். தங்கள் சொந்த நிலைப்பாட்டையும் மறைக்காமல் சொல்லட்டும். கேள்வியோடு வரும் பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காமல், கூட அமர்ந்து முதல் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கட்டும்.