தீராததும் நாட்பட்டதும்

'கிரானிக்' என்ற ஆங்கில வார்த்தையைத் தமிழில் எழுத நேரும்போது நம்மில் பலர் 'தீராத' என்று எழுதிவிடுகிறோம். கதாசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், சினிமாவுக்கு வசனம் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இது கைப்பழக்கம். 'நாட்பட்ட' என்று நல்ல சொல் ஒன்று இருக்க, இதை ஏன் பிடித்துக்கொண்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்றல்ல.

கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்' என்றால் காலம். அதிலிருந்து பிறந்த உரிச்சொல் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்துக்கு வந்தது. பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய கிரேக்கத் தெய்வம் ஒருவனுக்கும் ஏறக்குறைய இதே பெயர். பழங்காலத்தவர்களே இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியிருக்கிறார்கள். ரசமான முடிச்சுதான், ஆனால் கிரேக்க எழுத்தில் முதலெழுத்தே வேறு. மருத்துவர்களின் வார்த்தையில் அந்தப் பயங்கரம் எதுவும் கிடையாது. நாள் ஆகிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. 'கிரானிகிள்' என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பைபிளில் அந்தப் பெயருள்ள பகுதிக்கு நம்மிடையே 'நாளாகமம்' என்று பெயர். அங்கே 'நாள்' பத்திரமாக இருக்கிறது. வியாதி என்று வரும்போதுதான் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

எபேசு நகரத்துச் சொரானுஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் வைத்தியம் பார்த்தவர். நோய்களை இரண்டாகப் பிரித்து அவர் கிரேக்கத்தில் எழுதியது மறைந்துவிட்டது. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கேலியுஸ் அவுரேலியானுஸ் பின்னால் அதைத் தழுவி லத்தீனில் எழுதினார். விரைவான நோய்களுக்கு 3 புத்தகம், மெதுவான நோய்களுக்கு 5 புத்தகம். விரைவு, மெது என்பவை அவர் எடுத்தாண்ட சொற்கள். ஒரு மொழிபெயர்ப்பாளனின் நிதானத்தை இங்கே கவனியுங்கள். ஒரு நோய் ஓடுகிறது, இன்னொன்று நடக்கிறது. எங்கே போய்ச் சேரும் என்று அவர் ஜோசியம் சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் இந்த நுட்பம் இல்லாமல் இல்லை. குறளில் மருந்து அதிகாரத்தில் 'பிணியளவு' என்று வருகிறதே, அதற்குப் பரிமேலழகர் உரை எழுதும்போது சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்று மூன்று வகை சொல்கிறார். தீர்வது, தீராதது, இரண்டுக்கும் நடுவே ஒன்று. இந்த நடுவிலுள்ளதுதான் அழகு. யாப்பியம் என்பது ஆயுர்வேதத்துச் சொல். வடமொழியில் அதன் வினைக்குப் பொழுதைப் போக்குவது, காலத்தை நடத்திச் செல்வது என்ற பொருள் உண்டு. சரியப் பார்க்கும் வீட்டுக்கு முட்டுக் கொடுத்தால் நிற்பதுபோல், மருந்து இருக்கும்வரை நோயாளி நிற்பான் என்று சுசுருதம் உவமை சொல்கிறது. அசாத்தியத்தையும் யாப்பியத்தையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நாம்தான் இரண்டையும் 'தீராத' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

இது வெறும் அகராதிச் சண்டை அல்ல. என் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் சீட்டில் இருந்த 'கிரானிக்'கைப் பேரன் படித்து, "தீராத வியாதியாம் பாட்டி" என்று சொல்லிவிட்டான். "தீராதுன்னா மருந்து எதுக்குடா, காசைக் கரியாக்கவா?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். அவள் தர்க்கத்தில் என்ன பிழை? வார்த்தையில்தான் பிழை. 'நாட்பட்டது, நாள்தோறும் மாத்திரை வேணும்' என்று சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். பழம்புளிக்கும் பழைய அரிசிக்கும் தனி மதிப்புக் கொடுத்தவள். நாட்படுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டாம்.

நாட்பட்டது தீராததாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் நோய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'கிரானிக்' என்பார்கள். 2013-க்குப் பிறகு வந்த மாத்திரைகளால், பெரும்பாலோருக்கு அது சில மாதங்களில் அடியோடு போய்விடுகிறது. க்ஷயத்தின் கதையும் தெரிந்ததே. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்த பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் வந்து அதைத் தீரும் வியாதியாக்கிவிட்டன.

ஆனால் நம் கதைகளில் அது வெகுநாள் தீரவில்லை. கதாநாயகி மூன்றாம் அத்தியாயத்தில் இருமினால் கடைசி அத்தியாயத்தில் செத்தாக வேண்டும். 'தீராத' என்ற சொல்மேல் எழுத்தாளனுக்கு உள்ள ஆசைக்கு இதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். அந்த ஒரு வார்த்தையிலேயே முடிவு தயாராக இருக்கிறது. மிச்சத்துக்குக் கண்ணீர் போதும். 'நாட்பட்ட' என்று எழுதினால் தொல்லை. இருபது வருஷம் தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, சமைத்து, சண்டை போட்டு, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டிவரும். அவளுக்கு என்ன வியாதி என்றே வாசகன் பாதியில் மறந்துபோவான்.